‘எல்லாம் ஏற்கிறேன்’: குக்கீ பெட்டி எங்கிருந்து வந்தது, உண்மையில் என்ன செய்கிறது

திருகோணமலைக்குப் பக்கத்தில் உப்புவெளியில் கடலுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி ஏழு அறை வைத்து கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிற அண்ணை ஒருவர், போன சீசன் தொடங்கும்போது என்னைக் கூப்பிட்டார். “தம்பி, போன கிழமை தங்கின ஜேர்மன் பெடியன் கேட்டான், உங்கட வெப்சைட்டில குக்கீ பெட்டி இல்லையே எண்டு. அது இல்லாட்டி வழக்குப் போடுவாங்களாம். ஒண்டு போட்டு விடு.”

அவருடைய சைட்டைச் செய்து கொடுத்ததே நான்தான், அதனால் மறுக்க முடியாது. சைட் ஓடுகிற வேர்ட்பிரஸ் மென்பொருளுக்கு இலவசமாகக் கிடைக்கிற ஒரு பிளகினை, அதாவது மேலதிகமாகப் பொருத்துகிற சின்ன மென்பொருளைப் போட்டேன், பத்து நிமிட வேலை. பக்கத்தின் அடியில் கறுப்புப் பட்டை, அதில் பெரிய பச்சைப் பொத்தான் ‘எல்லாம் ஏற்கிறேன்’, பக்கத்தில் மங்கலாக ஒரு ‘வேண்டாம்’. அண்ணைக்குச் சந்தோசம், தேத்தண்ணி வந்தது. அதோடு எழும்பிப் போயிருக்கலாம். சும்மா இருக்காமல் பிரவுசரில் எஃப் 12 ஐ அமத்தி, குக்கீ பட்டியலைத் திறந்து பார்த்தேன். எந்தப் பொத்தானையும் இன்னும் தொடவில்லை, அதற்குள் ஒன்பது குக்கீ வந்து உட்கார்ந்திருந்தது. இரண்டு நம்முடையது, மிச்சம் எல்லாம் பக்கத்துக்குள் ஒட்டிவைத்திருந்த வீடியோ, வரைபடம், முன்பதிவுப் பெட்டி, அப்புறம் எப்போதோ ஒரு விளம்பரத்துக்காகச் செருகி மறந்துபோன பிக்சல் (வருகிறவரைப் பின்தொடர வைக்கிற, கண்ணுக்குத் தெரியாத புள்ளிப் படம்). சரி, ‘வேண்டாம்’ என்பதை அமத்தினேன். ஒன்பதும் அசையவில்லை, பத்தாவதாக ஒன்று சேர்ந்தது. அந்தப் பத்தாவது என்ன தெரியுமா, ‘இந்த ஆள் வேண்டாம் என்றார்’ என்று குறித்துவைக்கிற குக்கீ.

இந்தப் பெட்டி தினமும் நம் முகத்தில் வந்து விழுகிறது, அதைப் பற்றி யாராவது விளக்கமாகச் சொல்லி நான் தமிழில் படித்த ஞாபகம் இல்லை. ஆகவே நானே சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் குக்கீ. 1994இல் நெட்ஸ்கேப் என்ற பிரவுசர் கம்பனியில் வேலை செய்த லூ மொன்டுலி என்ற இளம் புரோகிராமர் உருவாக்கியது. பக்கங்களைக் கொடுக்கிற சேர்வருக்கு இயல்பிலேயே ஞாபகம் கிடையாது: கேட்டீர்கள், கொடுத்தது, அதோடு மறந்துவிட்டது, அடுத்த நிமிடம் நீங்களே திரும்பி வந்தாலும் அதற்குப் புது ஆள்தான். இப்படி இருந்தால் இணையத்தில் கடை நடத்த முடியாது, ஏனென்றால் ஒரு சாமானைக் கூடைக்குள் போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனால் கூடை காலியாகிவிடும். அதற்குத்தான் இந்த ஏற்பாடு: முதல் தரம் வரும்போது சேர்வர் ஒரு சின்னக் குறிப்பை உங்கள் பிரவுசரிடம் கொடுக்கும், அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை போகும்போதும் பிரவுசர் அதைத் திருப்பிக் காட்டும். பெயர், யுனிக்ஸ் என்ற பழைய கணினி இயங்குதளத்து ஆட்கள் பழக்கத்தில் வைத்திருந்த ‘மஜிக் குக்கீ’ என்ற சொல்லிலிருந்து வந்தது, பிஸ்கட் கதை ஒன்றும் இல்லை.

கோயில் வாசலில் செருப்பை விட்டால் எண் போட்ட துண்டு ஒன்று தருவார்களே, குக்கீ கிட்டத்தட்ட அதுதான். துண்டில் உங்கள் பெயர் இல்லை, ஊர் இல்லை, வெறும் எண். அந்த எண்ணுக்கு நேரே என்ன இருக்கிறது என்பது துண்டைக் கொடுத்தவருக்குத்தான் தெரியும். குக்கீயும் அப்படியே, பெரும்பாலும் ஒரு நீளமான எண்ணோ எழுத்துக் கலவையோதான், மொத்தம் 4 கிலோபைட்டுக்கு மேல் போகாது. வைரஸ் இல்லை, உங்கள் படங்களைத் திறந்து பார்க்காது. குக்கீ என்றதும் பயப்படுகிறவர்கள் துண்டைப் பார்த்துப் பயப்படுகிறார்கள், பார்க்கவேண்டியது பதிவுக் கொப்பியை.

அந்தக் கொப்பி யாரிடம் இருக்கிறது? திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியை நினைத்துக்கொள்ளுங்கள். பிரட்றிக் கோட்டை வாசலால் உள்ளே போய், மான்களைத் தாண்டி மேலே ஏறினால் வழியோரம் கடைகள் வரும். ஒரு கடைக்காரர் தன்னிடம் போன வருசம் மாலை வாங்கிய ஆளை ஞாபகம் வைத்திருந்தால் அதில் பிழை இல்லை, அது வியாபாரம். ஆனால் ஒவ்வொரு கடையின் மூலையிலும் ஒரே கம்பனியின் ஆள் ஒருவர் கொப்பியோடு நிற்கிறார் என்று வையுங்கள். முதல் கடையில் உங்கள் கையில் ஒரு எண்ணைத் திணிக்கிறார், அடுத்த கடையில் அதே எண்ணைப் பார்த்து எழுதுகிறார், கீழே இறங்கி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மருந்துக் கடைக்குப் போனால் அங்கேயும் அவருடைய ஆள் நிற்கிறார், நீங்கள் எந்த நோய்க்கு மருந்து கேட்டீர்கள் என்பதும் அந்த எண்ணுக்கு நேரே ஏறுகிறது. கடைக்காரர்களுக்கு ஒருவர் எழுதுவது இன்னொருவருக்குத் தெரியாது, பாதிப் பேருக்கு மூலையில் ஆள் நிற்பதே தெரியாது. (என் அண்ணைக்குத் தெரியவில்லை. சைட்டைச் செய்த எனக்கே மறந்துபோயிருந்தது, அதை ஒப்புக்கொள்கிறேன்.)

இதைத்தான் மூன்றாம் தரப்புக் குக்கீ என்கிறார்கள். ஒரு பக்கத்தைத் திறந்தால் அதில் வருகிற எல்லாமே அந்தத் தளத்திலிருந்து வருவதில்லை. வீடியோ ஒரு இடத்திலிருந்து, விளம்பரம் இன்னொரு இடத்திலிருந்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளி அளவுப் படம் வேறொரு இடத்திலிருந்து. அந்தப் படத்தைக் கொண்டுவரப் பிரவுசர் போகும்போது, அங்கே இருக்கிற சேர்வர் தன் சொந்த எண்ணைக் கொடுத்து அனுப்பும். அதே சேர்வரின் படமோ விளம்பரமோ ஒட்டியிருக்கிற வேறு எந்தத் தளத்துக்குப் போனாலும் அந்த எண்ணும், நீங்கள் எந்தத் தளத்தில் நிற்கிறீர்கள் என்ற தகவலும் சேர்ந்து போகும். காலையில் உப்புவெளியில் அறை, பத்து நிமிடம் கழித்துச் சர்க்கரை வருத்தத்துக்கு மருந்து, மத்தியானம் கட்டாரில் வேலை, இரவு கல்யாணப் பொருத்தம்: ஒருவருடைய ஒரு நாள் அப்படியே ஒரு வரிசையில் வந்துவிடும். பெயர் எதற்கு?

அந்த வரிசைக்கு விலை இருக்கிறது. பக்கம் திறந்து விளம்பரம் வருவதற்கு இடையில், பெரும்பாலும் நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள், அந்த இடத்துக்கு ஒரு ஏலம் நடந்து முடிகிறது. ‘இன்ன மாதிரி ஆள் வந்திருக்கிறார், எவ்வளவு தருகிறீர்கள்’ என்று பல கம்பனிகளுக்கு ஒரே நேரத்தில் தகவல் போகும். ஏலத்தில் வெல்வது ஒருவர்தான், ஆனால் தோற்றவர்களும் தகவலைப் பார்த்தவர்கள்தான். மீன் ஏலத்தில் வாங்காதவர் வெறுங்கையோடு போவார், இங்கே யாரும் வெறுங்கையோடு போவதில்லை.

இதெல்லாம் தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்ல முடியாது. 1996 பெப்ரவரியில் ஃபைனான்ஷியல் டைம்ஸ் பத்திரிகை எழுதிய பிறகுதான் பொதுமக்களுக்குக் குக்கீ என்று ஒன்று இருப்பதே பரவலாகத் தெரியவந்தது, அதற்கு முன் யாரிடமும் கேட்காமல், சொல்லாமல் ஒரு வருசத்துக்கு மேல் ஓடிவிட்டது. 1997இல் இணையத் தரங்களை எழுதுகிற குழு வெளியிட்ட முதல் குக்கீ தர ஆவணம், மூன்றாம் தரப்புக் குக்கீகளைப் பிரவுசர் தானாகவே ஏற்கக் கூடாது என்று தெளிவாகச் சொன்னது. நெட்ஸ்கேப்பும் இன்டர்நெட் எக்ஸ்புளோரரும் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. அன்றைக்கே அந்த ஒரு வரியைக் கேட்டிருந்தால் இன்றைக்கு இந்தப் பெட்டிகளில் முக்கால்வாசிக்கு வேலையே இருந்திருக்காது என்பது என் கணிப்பு.

சட்டம் வந்தது ஐரோப்பாவிலிருந்து. 2002இல் வந்த மின்னணுத் தொடர்புத் தனியுரிமைப் பணிப்புரையில், பயனருக்குச் சொல்ல வேண்டும், மறுக்க வழி கொடுக்க வேண்டும் என்ற அளவில்தான் இருந்தது. 2009 திருத்தத்தில் அது ‘முதலில் சம்மதம் வாங்கு’ என்று மாறியது. பிறகு 2018 மே 25இல் ஜிடிபிஆர் என்ற ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து, சம்மதம் என்றால் என்ன என்பதையே இறுக்கியது: சுயவிருப்பமாக, எதற்கு என்று தெரிந்து, தெளிவான ஒரு செயலால் கொடுத்தால்தான் அது சம்மதம். 2019 ஒக்டோபரில் ஐரோப்பிய நீதிமன்றம், முன்கூட்டியே டிக் போட்டு வைத்த கட்டம் சம்மதம் ஆகாது என்று தீர்த்தது. அதுவும் ஒரு ஜேர்மன் கம்பனியின் அதிர்ஷ்டக் குலுக்கல் பக்கம் தொடர்பான வழக்குத்தான்.

இந்தச் சட்டங்களில் எங்கேயும் ‘பெட்டி போடு’ என்று இல்லை. தளம் ஓடுவதற்கு அத்தியாவசியமான குக்கீக்கு, அதாவது கூடைக்கும் லொகினுக்கும், சம்மதமே தேவையில்லை. பின்தொடர வேண்டும் என்றால்தான் கேட்க வேண்டும். ஆகவே சட்டத்துக்குப் பணிய இரண்டு வழி இருந்தது: பின்தொடர்வதை நிறுத்துவது, அல்லது கேட்பது. விளம்பரத் தொழில் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தது, அதையும் ‘ஓம்’ என்ற பதில் மட்டும் வருகிற மாதிரிக் கேட்கக் கற்றுக்கொண்டது. சட்டத்தின் மேல் எரிச்சல்படுகிறவர்கள் பெட்டியைச் சட்டம் கொண்டுவந்தது என்று நினைக்கிறார்கள், அந்த எரிச்சல் போகவேண்டிய விலாசம் வேறு.

எப்படிக் கேட்கிறார்கள் என்று பாருங்கள். ‘ஏற்கிறேன்’ ஒரே அமத்தலில். மறுப்பதற்கு ‘அமைப்புகள்’ என்று சாம்பல் நிறத்தில் ஒரு வரி, அதற்குள் போனால் பத்துப் பன்னிரண்டு சுவிச், சில ஏற்கனவே போட்டபடி, கீழே ‘பங்காளிகள்’ என்று நூற்றுக்கணக்கான கம்பனிப் பெயர். ‘நியாயமான நலன்’ என்று, அதாவது சம்மதம் இல்லாமலே தரவை எடுக்கத் தங்களுக்குக் காரணம் உண்டு என்று, இன்னொரு தாவல் இருக்கும், அதைத் தனியாக அணைக்க வேண்டும், அது இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. 2020இல் வந்த ஓர் ஆய்வு, பிரித்தானியாவில் அதிகம் பார்க்கப்படுகிற 10,000 தளங்களில் பிரபலமான ஐந்து நிறுவனங்களின் பெட்டிகளை வைத்திருந்த தளங்களைச் சோதித்தது. சட்டம் கேட்கிற ஆகக்குறைந்த நிபந்தனைகளையாவது நிறைவேற்றியவை 11.8 சதவீதம்தான். அதே ஆய்வில் இன்னொன்று: முதல் திரையிலிருந்து ‘வேண்டாம்’ பொத்தானை எடுத்துவிட்டால் சம்மதிப்பவர்கள் நூற்றுக்கு 22, 23 பேர் கூடுகிறார்கள். அந்த 22 பேரின் மனம் மாறவில்லை, பொத்தான் மட்டும்தான் இடம் மாறியது. அது ஒரு எண்ணாகக் கையில் கிடைத்த பிறகு, எந்த விளம்பரக் கம்பனி அந்தப் பொத்தானைத் தானாகக் கொண்டுவந்து முன்னால் வைக்கும்?

தானாக வைக்கவில்லை, அபராதம் வைத்தது. பிரான்ஸின் தரவுப் பாதுகாப்பு ஆணையமான சினில் 2022 ஜனவரியில் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் பேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் தண்டம் அறிவித்தது. காரணம் ஒன்றே ஒன்றுதான்: ஏற்பது எவ்வளவு சுலபமோ மறுப்பதும் அவ்வளவு சுலபமாக இல்லை. அந்த வருசமே கூகுள் ஐரோப்பாவில் ‘எல்லாம் நிராகரி’ பொத்தானைப் பக்கத்திலேயே வைத்தது. 2025 செப்டம்பரில் அதே ஆணையம் குக்கீ விவகாரத்திலும் மெயிலுக்குள் விளம்பரம் செருகியதற்காகவும் கூகுளுக்கு 32.5 கோடி யூரோ விதித்தது, உடுப்பு விற்கிற ஷீனுக்கு 15 கோடி.

இனி நம் பக்கம். என் மச்சான் ஒருவன் பாரிஸில், லா சப்பல் பக்கம் வேலை செய்கிறான். ஒரு நாள் வீடியோ அழைப்பில் இருவரும் ஒரே தமிழ்ச் செய்தித் தளத்தை ஒரே நேரத்தில் திறந்தோம், ஏதோ ஒரு மரண அறிவித்தலைத் தேடி. அவனுக்குப் பெட்டி வந்தது, அவன் ‘சீ, இது வேற’ என்று அலுத்துக்கொண்டு எதையோ அமத்தினான். எனக்குத் திருகோணமலையில் ஒரு பெட்டியும் வரவில்லை, செய்தி நேராகத் திறந்தது. நல்ல விசயம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு பட்டியலைத் திறந்து பார்த்தால் விளம்பரக் குக்கீகள் தாராளமாக இருந்தன. இணைய இணைப்புக்கு இருக்கிற எண்ணான ஐபி முகவரியை வைத்து ஆள் எந்த நாட்டில் இருக்கிறார் என்று பார்த்து, கேட்டாக வேண்டிய நாட்டில் மட்டும் கேட்கிறார்கள். மச்சானிடம் அனுமதி கேட்ட அதே தளம் என்னிடம் கேட்கவில்லை. பெட்டி வரவில்லை என்றால் யாரும் எழுதவில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இலங்கையில் சட்டம் இல்லாமல் இல்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த வருசம் மார்ச்சில் நிறைவேறியது. பெயர், அடையாள எண் மட்டுமில்லாமல் இணையத்தில் ஆளைக் காட்டிக்கொடுக்கிற அடையாளக் குறிகளும் தனிப்பட்ட தரவுதான் என்று அதில் இருக்கிறது, அதாவது குக்கீ என்ற சொல் இல்லாவிட்டாலும் அந்த எண் அதற்குள் வருகிறது. சம்மதத்துக்கு அது சொல்கிற விளக்கமும் ஐரோப்பிய விளக்கத்தின் சாயல்தான். மீறினால் 10 மில்லியன் ரூபா வரை தண்டம் விதிக்கலாம். ஆனால் 2025 மார்ச்சில் முழுதாக நடைமுறைக்கு வரவேண்டியதைத் திருத்தம் செய்ய வேண்டும் என்று தள்ளிப்போட்டார்கள்.

அதைவிட எனக்கு உறுத்துவது மொழி. வயது அறுபதைத் தாண்டிய என் சித்தி போனில் தமிழ்தான் வாசிப்பார், நன்றாக வாசிப்பார். பெட்டி வந்தால் அது ஆங்கிலத்தில் வரும், திரையில் பாதியை மறைக்கும். “இது என்னடா, பேப்பரை மறைக்குது” என்று கேட்டுக்கொண்டே பெரிய பொத்தானை அமத்திவிடுவார். எதற்கு என்று தெரிந்து கொடுத்தால்தான் சம்மதம் என்கிற சட்டம், அவருக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் வாங்கிய சம்மதத்தை என்னவென்று சொல்லும்? இந்தியாவின் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்த ஒரு விசயத்தில் யோசித்திருக்கிறது: அறிவித்தலை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள எந்த மொழியிலோ பார்க்கிற தெரிவைப் பயனருக்குக் கொடுக்க வேண்டும், அதில் தமிழும் உண்டு. தமிழ் அரசகரும மொழியாக இருக்கிற இந்த நாட்டிலும் அப்படி ஒரு வரி வந்தால் என்ன குறைந்துவிடும்?

பெட்டியே இல்லாமல் இதைத் தீர்க்க முடியாதா என்றால், பிரவுசரிடம் ஒரு தரம் சொல்லிவைத்தால் போதும் என்ற யோசனை பழையது. ‘என்னைப் பின்தொடராதே’ என்று பிரவுசர் ஒவ்வொரு தளத்துக்கும் சொல்கிற ஏற்பாடு 2009 அளவிலேயே வந்தது. கேட்க வேண்டும் என்று கட்டாயம் இல்லாததால் பெரும்பாலான தளங்கள் கேட்கவில்லை, 2019இல் அதை எழுதிக்கொண்டிருந்த குழுவே கலைந்தது. அதற்குப் பின் வந்த ‘குளோபல் பிரைவசி கன்ட்ரோல்’ என்ற சமிக்ஞைக்குக் கலிபோர்னியாச் சட்டத்தில் பல் இருக்கிறது. அதை மதிக்காததும் ஒரு குற்றச்சாட்டாக இருந்த வழக்கில் 2022இல் அழகுசாதனக் கம்பனி செபோரா 12 லட்சம் டொலர் கட்டியது. இன்னொரு பக்கம் சஃபாரி 2020இலிருந்து மூன்றாம் தரப்புக் குக்கீயை அடியோடு தடுக்கிறது, ஃபயர்ஃபொக்ஸ் ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனி டப்பாவில் அடைத்துவைக்கிறது. குரோம் மட்டும் 2020இல் ‘இரண்டு வருசத்தில் எடுத்துவிடுவோம்’ என்று சொல்லி, தள்ளி, இன்னும் தள்ளி, 2024இல் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. உலகத்தின் பெரிய விளம்பரக் கம்பனியான கூகுள்தான் குரோமின் சொந்தக்காரர் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

நான் என்ன செய்கிறேன் என்று கேட்டால், சித்தியின் போனில் ஃபயர்ஃபொக்ஸும் அதோடு ஒரு விளம்பரத் தடுப்பானும் போட்டுக் கொடுத்தேன், டேட்டாவும் மிச்சம். பெட்டியில் ‘வேண்டாம்’ முன்னாலேயே இருந்தால் அமத்துவேன், இல்லாவிட்டால் பெரும்பாலும் அந்தப் பக்கத்தை மூடிவிடுவேன். அவசரத்தில் நானும் பச்சையை அமத்தியிருக்கிறேன். அதோடு, குக்கீயை அடைத்தாலும் போனின் திரை அளவு, எழுத்துரு, பதிப்பு எல்லாவற்றையும் சேர்த்து ஆளை அடையாளம் காண்கிற வித்தை ஒன்று இருக்கிறது, அதற்குத் துண்டே தேவையில்லை. அது வேறு கட்டுரை.

சரி, அண்ணையின் சைட். உப்புவெளியில் இருக்கிற கெஸ்ட் ஹவுஸுக்கு ஐரோப்பியச் சட்டம் பொருந்துமா? ஐரோப்பாவிலிருந்து ஒருவர் பார்க்க முடிகிறது என்பதற்காக மட்டும் பொருந்தாது. அங்கே இருக்கிறவர்களைக் குறிவைத்து விற்றால் பொருந்தும், அவர்களின் மொழியும் நாணயமும் அதற்கு அடையாளம். அண்ணை அறை வாடகையை யூரோவிலும் போட்டு, ஜேர்மனில் ஒரு பக்கமும் வைத்திருந்தார். ஆகவே அந்தப் பெடியன் சொன்னதில் நியாயம் இருந்தது. ஏழு அறைக்கு யாரும் உப்புவெளிக்கு வழக்குக் கொண்டுவரப் போவதில்லை என்பது வேறு விசயம். ஆனால் 2022இல் மூனிச் நீதிமன்றம் ஒன்று, கூகுளின் சேர்வரிலிருந்து எழுத்துருவை இழுத்து அதனால் வந்தவரின் ஐபி முகவரியை அனுப்பிய ஒரு தளத்துக்காரரை 100 யூரோ நட்டஈடு கட்டச் சொன்னது, அங்கே குக்கீ கூட இல்லை. ஜேர்மன்காரன் இந்த விசயத்தில் கறார்.

ஒரு பின்னேரம் உட்கார்ந்து பிக்சலை எடுத்தேன், இரண்டு சீசனாக அதை வைத்து ஒரு விளம்பரமும் போட்டிருக்கவில்லை. வரைபடத்துக்குப் பதிலாக நிலாவெளி ரோட்டிலிருந்து எந்த ஒழுங்கையில் திரும்ப வேண்டும் என்று ஒரு படம், அமத்தினால் வரைபடம் வேறு பக்கத்தில் திறக்கும். வீடியோவும் அப்படியே, முன்பதிவும் வெறும் லிங்க். எழுத்துருவை நம் சேர்வருக்கே கொண்டுவந்தேன். கடைசியில் மிஞ்சியது ஒரே ஒரு குக்கீ, எந்த மொழி வேண்டும் என்று பார்ப்பவர் தெரிவு செய்ததை ஞாபகம் வைக்கிறது. அதற்குச் சம்மதம் தேவையில்லை, ஆகவே பிளகினையும் கழற்றினேன். சைட் போனில் முன்னையைவிட வேகமாகத் திறந்தது.

மறுநாள் காலை அண்ணை கூப்பிட்டார். “பெட்டியைக் காணேல்ல?” எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன், பொறுமையாகக் கேட்டார். “அது சரி தம்பி, ஆனா பக்கத்து ஹோட்டல்காரன்ர சைட்டில பெரிசா வருது. எங்கட இப்ப ஏதோ குறைஞ்ச சைட் மாதிரிக் கிடக்கு.” கொஞ்ச நேரம் பேசி, அடியில் தமிழ், ஆங்கிலம், ஜேர்மன் மூன்றிலும் ஒரு வரி போடுவது என்று முடிவானது: ‘இந்தத் தளம் உங்களைப் பின்தொடர்வதில்லை.’ அந்த வரிக்குப் பின்னால் பச்சை நிறம் வேண்டும் என்றார். போட்டுக் கொடுத்தேன்.